அப்பாவின் சிலைடு பெட்டி: வீட்டிலேயே ஸ்கேன் பண்ண எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

உறையூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அப்பா திருச்சியில ஒரு கல்லூரியில தாவரவியல் பேராசிரியரா இருந்தவர். கொல்லிமலை, பச்சைமலை, கொடைக்கானல்னு பசங்களைக் கூட்டிட்டுப் போகும்போதெல்லாம் தோள்ல கேமராவும் போகும். வீட்டைக் காலி பண்ணும்போது இரும்பு பீரோவோட மேல்தட்டுலேர்ந்து எல்லாம் இறங்குச்சு. ஒரு மரப்பெட்டி நிறைய சிலைடு (புரொஜெக்டர்ல போட்டுப் பார்க்கிற ஃபிலிம் துண்டு), 600 இருக்கும்னு நினைக்கிறேன். அட்டை ஃபிரேம் பாதி, பிளாஸ்டிக் மீதி, நடுநடுவுல ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டது கொஞ்சம். பெரும்பாலும் ஓர்வோங்கற கிழக்கு ஜெர்மனி ஃபிலிம். ஃபிரேம் ஓரத்துல அப்பா கையெழுத்துல செடியோட லத்தீன் பேர், இடம், தேதி.

அடுத்தது ஒரு பிஸ்கட் டின். அதுக்குள்ள கறுப்பு வெள்ளை நெகட்டிவ், சதுரமா, சாதாரண நெகட்டிவ்வை விடப் பெரிசு. 70கள்ல ஆக்ஃபா கிளிக் 3 கேமராவுல எடுத்ததுன்னு அம்மா சொல்றாங்க. மூணாவது, ஸ்டுடியோ கவர்லயே கிடக்கிற 90களோட கலர் நெகட்டிவ். என் காதுகுத்து, அக்கா கல்யாணம், சமயபுரம் போனது, இப்படி.

பிரச்சினை என்னன்னா, அந்த டின்னைத் திறந்தா குப்புனு வினிகர் வாசனை. சிலைடுகள்ல நிறைய சிவந்து போயிருக்கு. 1982-ல கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பூத்தப்ப எடுத்த வரிசை ஒண்ணு இருக்கு, அப்பா அதைக் காட்டிப் பேசாத வருஷம் கிடையாது. ஊதாவா இருக்க வேண்டிய சரிவு முழுக்க இப்ப செங்கல் நிறம். சிலதுல வெள்ளையா நூல்நூலா ஏதோ படர்ந்திருக்கு.

கையில 30, 35 ஆயிரம் இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர், சின்னதா திரை வெச்ச டப்பா ஒண்ணு வருது, சொருகினா அஞ்சு செகண்டுல படம்னு சொல்றார். அண்ணன் பையன் "ஸ்கேனரே வேணாம் அத்தை, என் கேமரா போதும்"ங்கறான். கடையில கொடுக்க மனசு வரலை. தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

பிக்சல்பாண்டி:

அக்கா, அந்தத் திரை வெச்ச டப்பா பக்கமே போகாதீங்க. பேர்தான் ஸ்கேனர். உள்ள இருக்கிறது ஒரு சின்ன கேமரா சென்சார், பின்னாடி ஒரு எல்இடி, அவ்வளவுதான். ஜேபெக்கா மட்டும்தான் சேமிக்கும், 22 மெகாபிக்சல்னு போட்டிருந்தா அதுல ஒரு பங்கு சாஃப்ட்வேர் ஊதிப் பெரிசாக்கினதா இருக்கும். வாட்ஸ்அப் குரூப்புக்குப் போதும். சிவந்த சிலைடைச் சரி பண்ண அந்த ஃபைல்ல சரக்கு இருக்காது.

சிலைடுக்குன்னே வாங்குறதா இருந்தா பிளஸ்டெக் 8200ஐ. அகச்சிவப்பு சேனல் இருக்கு, தூசி கீறலைத் தானே கண்டுபிடிச்சு அழிக்கும். 8100-ல அது கிடையாது, விலை குறையுதுன்னு அதை எடுத்துடாதீங்க. ஒவ்வொரு படமா கையால நகர்த்தணும், அது ஒண்ணுதான் கடுப்பு. 3600 டிபிஐ-ல (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளின்னு அர்த்தம்) அகச்சிவப்போட ஒரு சிலைடுக்கு நாலு நிமிஷம்னு வெச்சா 600-க்கு 40 மணி நேரம் ஆகும். பாட்டு போட்டுட்டு உட்கார வேண்டியதுதான்.

டார்க்ரூம் தாத்தா:

அம்மா, வணக்கம். கும்பகோணத்துல ஒரு ஸ்டுடியோவுல பிரிண்ட் போட்டே தலை நரைச்சவன் நான். டிஜிட்டல் வந்து என்லார்ஜரை எடைக்குப் போட்டப்புறம் வீட்டுல ஸ்கேனர் வெச்சு அக்கம்பக்கத்துப் பெட்டிகளை ஏத்திக் கொடுக்கிறேன். அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஸ்கேனர் அப்புறம். முதல்ல அந்த டின்.

மூடியை இன்னிக்கே கழட்டிடுங்க. சிலைடுப் பெட்டி இருக்கிற ரூம்ல அதை வைக்காதீங்க. அந்தக் காலத்து ஃபிலிமோட அடித்தகடு செல்லுலோஸ் அசிடேட். சூட்டுலயும் ஈரத்துலயும் அது சிதையும்போது வர்றது அசிட்டிக் அமிலம், உங்க மூக்குக்கு எட்டின வினிகர் அதுதான். அந்த அமிலமே மிச்சத்தையும் சீக்கிரமா சிதைக்கும். காத்துப் போகாத டின்னுக்குள்ள அடைச்சு வெச்சா நல்லா இருக்கிற நெகட்டிவ்வுக்கும் ஒட்டிக்கும். ஒவ்வொண்ணா வெளிய எடுத்து சாதாரணக் காகிதக் கவர்ல போடுங்க. பிளாஸ்டிக் உறையில ஒட்டிப் போயிருந்தா இழுக்காதீங்க, எமல்ஷன், அதாவது படம் இருக்கிற ஜெலட்டின் பூச்சு, உறையோட போயிடும். அதைத் தனியா வெச்சிட்டு எனக்குச் சொல்லுங்க.

அப்புறம் ஒவ்வொரு துண்டையும் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்க. சுருண்டு மட்டும் இருந்தா பயமில்லை. ஓரம் அலையலையா நெளிஞ்சு, எமல்ஷன் வாய்க்கால் வாய்க்காலா மடிஞ்சு எழும்பியிருந்தா அடித்தகடு சுருங்கிடுச்சுன்னு அர்த்தம். எதை முதல்ல ஸ்கேன் பண்றதுன்னு வருஷத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, இதை வெச்சு முடிவு பண்ணுங்க. செங்கல் நிறமான குறிஞ்சி அடுத்த வருஷமும் கிட்டத்தட்ட இதே செங்கலாத்தான் இருக்கும். இந்தக் கறுப்பு வெள்ளை இருக்குமான்னு சொல்ல முடியாது. நீங்க சிலைடை முதல்ல கேட்டீங்க, நான் டின்னை முதல்லங்கறேன்.

நெகட்டிவ் ஓரத்துல எழுத்து இருக்கும், வெளிச்சத்துல படிங்க. 'இந்து'ன்னு இருந்தா நம்ம ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் சரக்கு, 1967-லேர்ந்து அங்க ஓடுச்சு. 'ஓர்வோ என்பி 20', 'என்பி 22'ன்னு இருந்தா கிழக்கு ஜெர்மனி வோல்ஃபன்லேர்ந்து வந்தது. தேதி எழுதாத ரோலுக்கு இது ஒரு துப்பு. தாத்தா காலத்துது, 1950க்கு முந்தினது ஏதாவது சேர்ந்து கிடந்தா அதைத் தொடாம தனியா வைங்க, நைட்ரேட் ஃபிலிமா இருக்கலாம், அது சட்டுனு தீப்பிடிக்கும்.

அடுத்தது நூல்நூலா இருக்கிறது. அது பூஞ்சை. ஜெலட்டினைத் தின்னு வளருது. எங்க தொழில்ல கண்ணால பார்த்த கொடுமை இது: அழுக்குன்னு நினைச்சு குழாய்த் தண்ணியில காட்டுவாங்க, படமே வழிஞ்சு வாஷ்பேசின்ல போயிடும். பூஞ்சை பட்ட ஜெலட்டின் தண்ணியில கரையும். ஈரத்துணி கூடாது, வாயால ஊதுறது கூடாது, எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்பால ஊதுங்க, மெல்லிய பிரஷ்ஷால தள்ளுங்க. கைரேகை மட்டும் போகணும்னா 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு பிரியாத துணியில ஒரு சொட்டு, பளபளப்பான பக்கம் மட்டும், அதுவும் உருப்படாத ஒரு துண்டுல பார்த்துட்டு. பளபளப்பு இல்லாத பக்கம்தான் எமல்ஷன், அதுல கை வைக்காதீங்க. பூஞ்சை மேலாக்க படர்ந்திருக்கா, உள்ள அரிச்சிருச்சான்னு பார்க்க டார்ச்சைப் பக்கவாட்டுல அடிங்க. மேல இருந்தா நூல் நிழல் போடும். அரிச்சிருந்தா நிழல் இருக்காது, கோடு கோடா கண்ணாடி மாதிரி தெரியும். அதை எந்தத் துணியும் சரி பண்ணாது, கம்ப்யூட்டர்ல டச்சப்தான்.

பீரோவுல அந்துருண்டை போட்டிருப்பீங்க. அது பூச்சிக்கு, பூஞ்சைக்கு இல்லை. எடுத்துடுங்க. சிலிக்கா ஜெல் போடுங்க, நீலம் மாறினதும் வறுத்துப் போடுங்க.

இப்ப ஸ்கேனர். தம்பி பாண்டி சொன்ன பிளஸ்டெக் நல்ல சாமான்தான், ஆனா அது 35 மில்லிமீட்டர் மட்டும்தான் முழுங்கும். கிளிக் 3 போடுறது 120 ரோல், ஒரு ரோலுக்கு 12 படம், 6-க்கு 6 சென்டிமீட்டர் சதுரம். அது உள்ளயே போகாது. உங்க பெட்டியில அவசரமானதே அதுதான். அதனால மூடியில வெளிச்சம் வெச்ச ஃபிளாட்பெட், அதாவது தட்டைக் கண்ணாடி ஸ்கேனர், வாங்குங்க. எப்சன் வி600 மாதிரி. புதுசு கிடைக்கலைன்னா நல்ல நிலையில பழசு.

எப்சன் பெட்டி மேல 6400 டிபிஐ-ன்னு போட்டிருக்கும். நுணுக்கமா கோடு போட்ட சோதனைப் பலகை வெச்சு அளந்து பார்த்தவங்களுக்குக் கிடைக்கிறது 1500, 1600 சொச்சம். பிளஸ்டெக்குல 7200-ன்னு போட்டிருக்கும், நிஜத்துல 3000-க்கு மேல கொஞ்சம். 6400-ல ஸ்கேன் பண்ணினா ஃபைல்தான் பெருக்கும், விவரம் பெருகாது. ஆனா உங்க சதுர நெகட்டிவ்வுக்கு இது குறையே இல்லை. 6 சென்டிமீட்டர்னு பேர், படம் நிஜத்துல 56 மில்லிமீட்டர்; அந்த அகலத்துக்கு 2400 டிபிஐ வெச்சா 5300 பிக்சல் வருது. கிளிக் 3-ல இருக்கிறது ஒத்தை வில்லை லென்ஸ், ஓரமெல்லாம் மசமசன்னு இருக்கும், அதுல இருக்கிறதை அள்ள 2400 தாராளம். 35 மில்லிமீட்டர்லதான் வி600 மூச்சு வாங்கும். அக்கா கல்யாண ஃபோட்டோவை மேக்ஸி சைஸ்ல, ஏ4-ல பிரிண்ட் போட அது போதும். செடியோட மகரந்தக் காம்பை எண்ணணும்னா போதாது.

வாங்கினதும் மூடிக்குள்ள இருக்கிற வெள்ளை அட்டையைக் கழட்டுங்க. அதைக் கழட்டாம படம் கறுப்பா வருது, மெஷின் ரிப்பேர்னு என்னைக் கூப்பிட்டவங்க ஏராளம்.

உறையூர்க்காரி:

ஐயா, ரொம்ப நன்றி. டின்னை மாடி ரூமுக்கு மாத்தியாச்சு. நெளிஞ்சது கொஞ்சம் இருக்கு, பெரும்பாலும் சுருள்தான். ஓரத்துல 'இந்து'ன்னு ரெண்டு மூணு ரோல்ல இருக்கு, அம்மாவுக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு. ஊட்டிக்குக் கல்யாணம் ஆன புதுசுல போனாங்களாம், ஃபேக்டரி வாசல்ல நின்னு படம் எடுத்துக்கலாம்னு அப்பா கேட்டாராம்.

சந்தேகம்: கறுப்பு வெள்ளைக்கும் அந்தத் தூசி நீக்குறதைப் போடலாமா? சிலைடு எல்லாத்தையும் ஏத்தணுமா? 600-ல பாதி ஒரே செடி.

டார்க்ரூம் தாத்தா:

கறுப்பு வெள்ளைக்கு டிஜிட்டல் ஐஸ், அதான் அந்த அகச்சிவப்புத் தூசி நீக்கி, போடவே போடாதீங்க. கலர் ஃபிலிம்ல படம் சாயத்தால ஆனது, அகச்சிவப்புக் கதிர் சாயத்தைத் தாண்டிப் போயிடும். தூசியும் கீறலும் மட்டும் தடுக்கும், அதனால மெஷினுக்கு எது தூசின்னு தெரியும். கறுப்பு வெள்ளையில படமே வெள்ளி. வெள்ளி கதிரை மறிக்கும். மெஷின் உங்க அம்மா முகத்தையே தூசின்னு நினைச்சு மெழுகிடும். இழைச்சுக் கட்டின கொண்டை கூழாயிடும். தூசியைக் கையால எடுங்க, 16 பிட் கிரேல, அதாவது சாம்பல் நிறப் படிகள் நிறைய கிடைக்கிற அமைப்புல, ஸ்கேன் பண்ணுங்க.

எல்லாத்தையும் ஏத்தாதீங்க. வெளிச்சப் பலகை ஒண்ணு, இல்லன்னா டேப்லெட் திரையை முழு வெள்ளையா வெச்சு அதுக்கு ரெண்டு விரல் மேல ஒரு கண்ணாடி, அது மேல இருபது சிலைடைப் பரப்பி போன்ல ஒரு படம். திரை மேலயே நேரா வெச்சா பிக்சல் புள்ளி தெரியும். முழுப் பெட்டியும் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும். அந்தப் படங்களை டிவியில போட்டு அம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சு எது யாருன்னு கேட்டு எழுதுங்க. நெகட்டிவ்வையும் அப்படியே எடுத்து போன்லயே நிறத்தைத் திருப்பிப் பார்க்கலாம். அதுக்கப்புறம் பொறுக்குங்க. என்கிட்ட வர்ற பெட்டிகள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல நல்ல ஸ்கேன் தேவைப்படறதில்லை. ஆனா ஒரே செடின்னு சொல்றீங்களே, அப்பா பூ, காய், இலையோட பின்பக்கம்னு தனித்தனியா எடுத்திருப்பார். அதைப் பொறுக்கறதுக்கு அவரோட பழைய மாணவர் யாரையாவது கூப்பிடுங்க, நானும் நீங்களும் பொறுக்கக் கூடாது.

சிலைடு ஃபிரேம்ல எழுதினதை விட்டுடாதீங்க. ஃபிரேமையும் சேர்த்து போன்ல ஒரு படம். ஸ்கேனர் உள்ள இருக்கிற படத்தை மட்டும் எடுக்கும், லத்தீன் பேரும் தேதியும் வெளியில நின்னுடும்.

கனடா மாமி:

உங்கட பதிவை வாசிச்சுக்கொண்டு வந்தனான். ஒரு விசயம் மட்டும். என்ர மாமா 70களில லண்டனில படிக்கேக்க எடுத்த சிலைட்டுகள் என்னட்டத்தான் கிடக்கு, எல்லாம் கொடாக்ரோம் எண்ட கொடாக் ஃபிலிம். அதுக்கும் அந்த அகச்சிவப்பு சரியா வேலை செய்யாது, கூரான ஓரங்களில விளிம்பு மாதிரி ஒண்டு வரும். உங்கட பெட்டியில ஓர்வோவோட வெளிநாட்டில இருந்து ஆரும் குடுத்த கொடாக்ரோம் கலந்து கிடந்தா பிரிச்சு வையுங்கோ. அட்டையிலயே பேர் அடிச்சிருக்கும். இருட்டில வைச்சா அதின்ர நிறம் லேசில போகாது, எங்கட மாமான்ர சிலைட்டில சிவப்பு பஸ் இண்டைக்கும் சிவப்பு பஸ்தான். திருப்பித் திருப்பி புரொஜெக்டரில போட்டாத்தான் வெளிறும். புதுசா ஒண்டு கழுவ ஏலாது, கான்சஸில இருந்த கடைசி லாப் 2010 முடிவில அந்த ரசாயனத்தை நிப்பாட்டிப்போட்டுது. கிடக்கிறதைப் பத்திரமா வையுங்கோ.

பிக்சல்பாண்டி:

120 இருக்குன்னதும் பிளஸ்டெக் ஆட்டத்துலயே இல்லை, சரி. ஆனா தாத்தா, சிலைடை ஃபிளாட்பெட்ல போடச் சொல்லாதீங்க. பூவோட படத்துக்கு 1500 டிபிஐ பாவம். அண்ணன் பையன் கேமராவை ஏன் விடணும்?

அக்கா, அவன்கிட்ட என்ன கேமரா, மேக்ரோ லென்ஸ் இருக்கான்னு கேளுங்க. நிக்கான்னா இஎஸ்-2ன்னு ஒரு குழாய் மாதிரி அடாப்டர் வருது, 60 மில்லிமீட்டர் மைக்ரோ லென்ஸ் முனையில திருகலாம், சின்ன சென்சார் கேமராவுன்னா 40 மில்லிமீட்டர் மைக்ரோ. ஒரு முனையில சிலைடைச் சொருகி வெளிச்சத்தைப் பார்த்துக் காட்டிட்டுத் தட்ட வேண்டியதுதான். ஆடாது, கோணாது. 24 மெகாபிக்சல் கேமரான்னா வி600-ஐ விட ஒரு படி மேலயே வரும், ஒரு சிலைடுக்கு பத்து செகண்ட். 40 மணி நேரக் கதை ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். வெளிச்சத்துக்கு மட்டும் மலிவு எல்இடி எடுக்காதீங்க, சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு சரியா காட்டுதுங்கற அளவு, 95-க்கு மேல இருக்கணும். இல்லன்னா சில நிறமே வராது. ராவ்ல (கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கிற ஃபைல்) எடுக்கணும், ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப்8, கேமராவோட ஒயிட் பேலன்ஸை ஒரு தடவை வெளிச்சத்துக்கு வெச்சா அப்புறம் தொடக்கூடாது.

கலர் நெகட்டிவ்வும் இப்படி எடுக்கலாம். ஆரஞ்சு அடிநிறத்தைக் கழிச்சுத் திருப்ப டார்க்டேபிள்ங்கற சாஃப்ட்வேர்ல நெகாடாக்டர்னு ஒரு மாட்யூல் இருக்கு, காசு கிடையாது. ரெண்டு படத்துக்கு நடுவுல இருக்கிற வெத்து ஃபிலிம் துண்டைக் காட்டினா அடிநிறம் எதுன்னு அது எடுத்துக்கும். ஆனா கேமராவுல தூசி நீக்கற அகச்சிவப்பு கிடையாது. தூசி முழுக்க உங்க தலையில.

டார்க்ரூம் தாத்தா:

தம்பி சொல்றது சிலைடுக்குச் சரி. கலர் நெகட்டிவ்வை ஃபிளாட்பெட்லயே விடுங்கம்மா. ஸ்டுடியோ கவர்ல கிடந்த 90களோட நெகட்டிவ்வுல கீறல் இல்லாம இருக்காது, நாங்களே இழுத்து இழுத்து வெச்சது. வி600 ஹோல்டர்ல ஆறாறு படமா ரெண்டு துண்டு, 12 படம் ஒரே தடவையில போகும், ஐஸையும் போட்டுட்டுச் சமையல் பார்க்கலாம். சிலைடை கேமராவுல, சதுரத்தையும் கலர் நெகட்டிவ்வையும் ஃபிளாட்பெட்ல. ஒரே மெஷின்ல எல்லாத்தையும் முடிக்கணும்னு விரதம் எதுவும் இல்லை.

ஃபிளாட்பெட்ல ஒரு வேலை. அதுக்கு ஃபோகஸ் திருகு கிடையாது, ஹோல்டர் எவ்வளவு உயரத்துல நிக்குதோ அதுதான் ஃபோகஸ். எல்லா மெஷின்லயும் அது சரியா இருக்காது. நல்ல கூரான நெகட்டிவ் ஒண்ணை எடுத்து முதல்ல சும்மா, அப்புறம் ஹோல்டர் காலுக்கடியில விசிட்டிங் கார்டுத் துண்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வெச்சு ஸ்கேன் பண்ணுங்க. படத்துல ஃபிலிமோட மணல் மாதிரித் துகள் எங்க தெளிவா தெரியுதோ அந்த உயரத்துக்கு அட்டையை ஒட்டிடுங்க. காசு கொடுத்து வாங்கற எந்தச் சமாச்சாரத்தை விடவும் இது கூடுதலா கொடுக்கும். சுருண்ட சதுர நெகட்டிவ்வைக் காகிதத்துக்கு நடுவுல வெச்சு கனமான புத்தகத்துக்கடியில ரெண்டு வாரம் விடுங்க. அவசரப்பட்டு நேரா ஸ்கேனர் கண்ணாடி மேல போட்டா நியூட்டன் வளையம் விழும், எண்ணெய் மிதக்கிற மாதிரி வட்டம் வட்டமா. கண்ணாடி ஃபிரேம் போட்ட சிலைடுலயும் அதே தொல்லை. அதைக் கழட்டி சாதாரண பிளாஸ்டிக் ஃபிரேமுக்கு மாத்துங்க, பூஞ்சையும் அதுக்குள்ளதான் முதல்ல வரும்.

உறையூர்க்காரி:

அண்ணன் பையன்கிட்ட நிக்கான்தான், 40 மில்லிமீட்டர் மைக்ரோவும் இருக்காம். குதிக்கிறான். போன்ல எடுத்த படங்களை டிவியில போட்டோம், அம்மா விடாம பேசினாங்க, அதை ரெக்கார்ட் பண்ணிட்டேன்.

குறிஞ்சி மட்டும் சொல்லுங்க. அந்தச் சிவப்பு போகுமா?

டார்க்ரூம் தாத்தா:

சிலைடுல மூணு சாயம்: சயான், மஜந்தா, மஞ்சள். சிவப்பு வெளிச்சத்தைத் தடுக்கறது சயானோட வேலை. உங்க சிலைடுகள்ல அது மத்த ரெண்டையும் விட வேகமா வெளிறிப் போச்சு, தடுக்க ஆள் இல்லாம சிவப்பு உள்ள வருது. நிழலைப் பாருங்க, கறுப்பா இருக்க வேண்டிய மரத்தடி கருஞ்சிவப்பா இருக்கும். அதனால மொத்தப் படத்துக்கும் ஒரே அளவுல சிவப்பைக் குறைச்சா வேலைக்காகாது, வெளிச்சமான இடம் நீலப்பச்சையடிக்கும். சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலையும் தனித்தனியா திறந்து, ஒவ்வொண்ணோட கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் அதது தொடங்குற இடத்துக்கு இழுங்க. சிவப்பு சேனல்ல கறுப்பு முனையை நிறைய நகர்த்த வேண்டியிருக்கும். முக்கால்வாசி அதுலயே வந்துடும். இதுக்குத்தான் 16 பிட் வேணுங்கறது. 8 பிட்ல இவ்வளவு இழுத்தா வானம் பட்டை பட்டையா பிரியும். மூல ஃபைலை டிஃப்பாவோ ராவாவோ தொடாம வெச்சுட்டு நகல்லதான் இதைப் பண்ணணும்.

மேகமோ பாறையோ, யாராவது வெள்ளைச் சட்டை போட்டவரோ அதே ரோல்ல இருந்தா அதை வெச்சு நிறத்தைப் பிடிங்க. பூவை வெச்சுப் பிடிக்காதீங்க. காரணம் இருக்கு. நீல ஊதாப் பூ பலது நம்ம கண்ணுக்குத் தெரியாத ஆழ்சிவப்பையும் நிறைய திருப்பி அனுப்பும். நம்ம கண் அதைக் கண்டுக்காது, கலர் ஃபிலிமோட சிவப்பு அடுக்கு அதையும் வாங்கிக்கும். அதனால ஃபிலிம்ல அந்தப் பூவெல்லாம் இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ஞ்சு வரும். அஜெரேட்டம்னு ஒரு பூவுல முதல்ல கவனிச்சு அதோட பேரையே இந்தக் குறைக்கு வெச்சுட்டாங்க. காக்கரட்டான், ஊமத்தைன்னு எடுத்துக் கொடுத்துட்டு "நிறம் சரியில்லை, திரும்பப் போடு"ன்னு எங்க கடையில சண்டை போட்டவங்க உண்டு. உங்க குறிஞ்சியும் படம் கழுவி வந்த அன்னிக்கே கண்ணால பார்த்த ஊதாவா வந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. வெளிறின சிவப்பைக் கழிச்சதும் பாறை சாம்பலா, புல் பச்சையா வந்துட்டா அங்க நிறுத்திடுங்க. பூ அப்பவும் கொஞ்சம் ரோஸா இருந்தா அது ஃபிலிமோட குணம். அதை ஊதாவாக்கிட்டா அது உங்க அப்பா எடுத்த படம் இல்லை, நீங்க வரைஞ்சது.

பிக்சல்பாண்டி:

தாத்தா, இங்க மட்டும் ஒத்துக்க மாட்டேன். அப்பா மனசுல இருந்தது ஊதாதானே? ஆவணத்துக்கு ஒரு ஃபைல், வீட்டுச் சுவருக்கு ஒரு ஃபைல். சுவருல மாட்டுறதை ஊதாவாக்கினா யாருக்கு என்ன நஷ்டம்? 2018-ல மலையில பூத்தப்ப எடுத்த டிஜிட்டல் படம் ஆயிரம் இருக்கு, பக்கத்துல வெச்சுப் பொருத்தலாம்.

டார்க்ரூம் தாத்தா:

சுவருக்கு என்ன வேணா பண்ணுங்க தம்பி, நான் கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளைக்கு மீசையே வரைஞ்சிருக்கேன். ஃபைல் பேர்ல 'திருத்தியது'ன்னு மட்டும் போட்டு வைங்க.

அம்மா, இன்னொண்ணு. இடம், தேதி, லத்தீன் பேரோட இருக்கிற செடிப் படம்னா அது வீட்டு ஆல்பத்தோட நிக்கக் கூடாது. உங்க ஊர்லயே செயின்ட் ஜோசப் கல்லூரியில ராபினட் ஹெர்பேரியம் இருக்கு, கொல்லிமலை, பச்சைமலைச் செடியெல்லாம் உலர்த்தி வெச்சிருக்கிற இடம். நகல் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. கேட்கப் போகும்போது ஃபிரேம் படத்தையும் சேர்த்துக் காட்டுங்க, வெறும் பூவை இல்லை.

உறையூர்க்காரி:

கேட்கிறேன் ஐயா. அப்பாவோட மாணவர் ஒருத்தர் இப்ப அங்க பக்கத்துலதான் இருக்கார், பொறுக்கறதுக்கு அவரையே கூப்பிட்டுட்டேன். பழைய வி600 ஒண்ணு பேசி வெச்சிருக்கேன், ஹோல்டர் ரெண்டும் இருக்கு, 120-க்கானதும். பிரஷ் மட்டும் வாங்கணும். கேமரா கடையில ஒட்டகமுடி பிரஷ் காட்டினாங்க, மேக்கப் பிரஷ் நல்லா மெத்துனு இருக்கே, அது ஆகாதா?

டார்க்ரூம் தாத்தா:

புதுசா இருந்தா ஆகும். முகத்துல ஒரு தடவை பட்டிருந்தாலும் வேண்டாம், பவுடரும் எண்ணெயும் ஏறியிருக்கும். மெத்துனு இருக்கான்னு கன்னத்துல தேய்ச்சுப் பார்த்துட்டும் வாங்காதீங்க, அதே எண்ணெய்தான். பழைய ஸ்கேனரை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியை மட்டும் பார்க்காம மூடியோட உள்பக்க விளக்குக் கண்ணாடியையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. அதுல பனி படிஞ்ச மாதிரி இருந்தா விலையைக் குறைக்கச் சொல்லுங்க. துடைச்சிடலாம், ஆனா விக்கிறவருக்கு அது தெரியணும்னு இல்லை.